மூணு கொம்பனுக்கு எத்தனை மூச்சு?

உங்களில் யாரும் இதுவரை ஒரு டைனோசரை ரிஜெக்ட் செய்திருக்க மாட்டீர்கள். நான் செய்திருக்கிறேன். பின்னங்கால் ஒன்று படத்தில் இருந்ததைவிட நான்கு சென்டிமீட்டர் குட்டை என்று சிவப்பு அட்டையைக் கழுத்தில் மாட்டி ஓரமாக நிறுத்திவைத்தேன். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே ஒழிந்துபோன பிராணிக்கு அளவு சரியில்லை என்று சொன்ன ஆள் ஓசூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதன் பிறகு ஒரு வாரம் வெல்டிங் பிரிவில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தரப் பரிசோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். பூங்காக்களுக்கும் அறிவியல் மையங்களுக்கும் அசையும் விலங்குகள் செய்து அனுப்பும் தொழிற்சாலை இது. உள்ளே இரும்புக் கூடு, மேலே ஸ்பாஞ்சு, அதற்கும் மேலே ரப்பர் தோல். மோட்டார் தள்ளினால் விலா எழும்பும், இழுத்தால் தாழும். பார்க்கிறவர்களுக்கு அது மூச்சு. எதை எதால் அளப்பது என்று சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கட்டத்தைப் பற்றி. செக் ஷீட்டில் இரண்டு விரல் அகலமுள்ள கட்டம். அதில் நான் ஓர் எண்ணை எழுதினேன்.

இங்கே வருவதற்கு முன் இருபது வருஷத்துக்கு மேல் இருசக்கர வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தேன். நாகரசம்பட்டியில் மாந்தோப்பு வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. மாங்காயைக் கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்லும் ஊரிலிருந்து, மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதில் ஒன்றுக்குச் சண்டை போடும் இடத்துக்கு வந்தேன். அங்கே எனக்கு முதல் மேலாளராக இருந்தவர் ஒரு விதியைச் சொன்னார். "செக் ஷீட்ல ஒரு கட்டம் காலியா இருந்தா, அந்த அளவை நீ பாக்கலைன்னு அர்த்தம். பாக்காம கையெழுத்துப் போட்டவன்னு உன்னைத்தான் பிடிப்பாங்க." ஒருமுறை என் தாளில் ஒரு கட்டம் விட்டுப்போய், அன்றைய உற்பத்தி முழுவதையும் மறுபடி அளக்க வேண்டியதாயிற்று. எல்லோர் முன்னாலும் அவர் என்னைத் திட்டவில்லை. அந்தத் தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்றிலிருந்து காலிக் கட்டத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. மகனைப் பள்ளியில் சேர்க்கும்போது, படிவத்தில் ‘வேறு ஏதேனும் குறிப்பு’ என்ற இடத்தில் ‘நல்ல பையன்’ என்று எழுதியவன் நான். என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

இந்தத் தொழிற்சாலைக்கு வந்த புதிதில் நாங்கள் செய்தது யானை. அதில் எனக்கு உதவியவர் வெல்டர் முனிராஜ். காட்டை ஒட்டிய சானமாவு ஊர்க்காரர். ராகி விதைத்தால் பாதி நமக்கு, பாதி யானைக்கு என்று கணக்குப் போட்டு வளர்ந்தவர். காதை அசைக்கும் மோட்டாரை நான் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"சார், இது காலங்காத்தால நிக்குற யானை. உச்சி வெயில்ல காது இவ்ளோ மெல்ல ஆடாது. அத்தாம்பெரிய உடம்புல சூடு உள்ளயே நின்னுக்குது. காதாலதான் ஆத்திக்குது அது."

கால்நடை மருத்துவர் ஒருவரைக் கேட்டோம். முனிராஜ் சொன்னது சரி என்றார். யானை நின்றபடி ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு நாலிலிருந்து பன்னிரண்டு முறை மூச்சு விடும் என்றும் சொன்னார். நடுவில் எட்டை வைத்தோம். மூச்சு எண்ணிக்கை எட்டு, ஆதாரம் கால்நடை மருத்துவர் என்று எழுதிக் கையெழுத்திட்டு, நான்காம் எண் போட்ட என் ஸ்டாம்பையும் குத்தினேன். அந்தத் தாளில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை.

அடுத்த வருஷம் ஓர் அறிவியல் மையத்துக்காக ட்ரைசெராடாப்ஸ் வந்தது. முகத்தில் மூன்று கொம்பு, கழுத்தைச் சுற்றி முறம் மாதிரி ஓர் எலும்பு வட்டம், யானை கனம். வாயில் நுழையாத பெயர் என்பதால் இரண்டாம் நாளே அது ‘மூணு கொம்பன்’ ஆகிவிட்டது. அதோடு இரண்டு ஆலோசகர்களும் வந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர். இன்னொருவர் புதைபடிவ எலும்புகளை மெல்லிய துண்டாக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் ஆராய்ச்சியாளர். அவரை நாங்கள் ‘எலும்பு மேடம்’ என்போம். அவருக்கும் அது தெரியும்.

மார்கழி மாதம். ஓசூர்க் குளிர் உங்களுக்குத் தெரியும், ஒன்பது மணிக்கும் ஸ்வெட்டரைக் கழற்ற முடியாது. இருவரும் இரும்புக் கூட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெயிலுக்காக வெளியே வந்து நின்றார்கள். காம்பவுண்டுச் சுவரில் ஓர் ஓணான் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

பேராசிரியர் அதைக் காட்டினார். "இதுதான் குளிர் ரத்தம். ரத்தம் ஜில்லுனு இருக்கும்னு அர்த்தமில்ல. தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கத் தெரியாது, அவ்வளவுதான். வெயில்ல காஞ்சாத்தான் ஓட்டம். டைனோசரும் ஊர்வன கூட்டம்தான். மெதுவா மூச்சு விடும், மெதுவா நடக்கும். நாங்க படிச்சது அதுதான்."

"நாம படிச்சதுக்கப்புறம் நிறைய எலும்பை அறுத்துட்டாங்க சார்" என்றார் எலும்பு மேடம். "மரத்துல வளையம் மாதிரி எலும்புலயும் வளர்ச்சி தெரியும். பல டைனோசர்கள் பறவை மாதிரி, பாலூட்டி மாதிரி வேகமா வளர்ந்திருக்கு. அவ்வளவு வேகத்துக்கு உள்ளே அடுப்பு எரியணும். சிலதுக்கு இறகே இருந்திருக்கு. சூட்டைப் பிடிச்சுவைக்க வேண்டாம்னா இறகு எதுக்கு?"

"பெரிய உடம்பு, மேடம். பெரிய அண்டாச் சோறு ஆற எவ்ளோ நேரம் ஆகுது? அடுப்பு இல்லாமலேயே சூடு நிக்கும்."

"அதுவும் சரிதான். அதனாலதான் சண்டை முடியல."

எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர்கள் பேசியது சுவாரஸ்யம்தான், ஆனால் என் கையில் தாள் இருந்தது. "மேடம், மூணு கொம்பனுக்கு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு ஒரு கட்டம் இருக்குது. என்ன எழுதட்டும்?"

"இந்த ஒண்ணுக்கா? இதோட எலும்பு வேகமா வளர்ந்த மாதிரி காட்டுது. வேற விதமா சோதிச்சவங்க இது உடம்புச் சூட்டைக் கம்மியாத்தான் வெச்சிருந்திருக்கும்னு சொல்றாங்க. ரெண்டும் சேரல. தெரியலைன்னு எழுதுங்க."

"அதுக்கெல்லாம் கட்டத்துல இடம் இல்லீங்க மேடம்."

"தாளுக்குப் பின்பக்கம் இருக்குல்ல?" என்று சிரித்தார். நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் எங்கள் ஆலைத் தலைவர் மஞ்சுநாத் வந்தார். அத்திப்பள்ளியிலிருந்து தினமும் எல்லையைத் தாண்டி வருகிறவர். நம்மிடம் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். "நோடி சார், சாயங்காலம் ஃபைல் கன்ட்ரோல்ஸுக்குப் போகணும். ஒண்ணும் பாக்கி இருக்கக் கூடாது, அஷ்டே." அந்த ஃபைலில் நூற்றுச் சொச்சம் கட்டங்கள். எல்லாம் நிரம்பியிருந்தன, இரண்டைத் தவிர. மூச்சு எண்ணிக்கை. அதற்குப் பக்கத்தில், ஆதாரம்.

எட்டு என்று எழுதினேன். யானை கனம், யானை உயரம், ஆகவே யானை மூச்சு. ஆதாரம் என்ற கட்டத்தில் கால்நடை மருத்துவர் என்று எழுத மனம் வரவில்லை. அது பொய். அதனால் ‘கன்ட்ரோல்ஸ் பிரிவு’ என்று எழுதினேன். மோட்டாரின் வேகத்தைக் கன்ட்ரோல் பெட்டியில் ஏற்றப்போவது அவர்கள்தானே என்பது என் நியாயம். அரை நிமிடம்கூட ஆகவில்லை. இடது கையில் டீ இருந்தது. ஸ்டாம்பைக் குத்திவிட்டு மிச்ச டீயைக் குடித்தேன்.

கன்ட்ரோல்ஸ் பிரிவில் இருந்தவர் ரோஸ்லின். எலத்தகிரிக்காரி. பத்து வருஷ அனுபவம், கை சுத்தமான வேலை. மூணு கொம்பனை அறிவியல் மையத்தில் நிறுவப் போகும் குழுவுக்கு அவரைத்தான் தலைவியாகப் போட்டிருந்தார்கள். வெளியூர் நிறுவலுக்கு ஒரு பெண் தலைமை தாங்கிப் போவது இந்தத் தொழிற்சாலையில் அதுதான் முதல் முறை. ஃபைல் கைக்குப் போனதும் அவர் என்னைத் தேடி வந்தார்.

"சார், மூச்சு வேகம் எவ்ளோங்க வெக்கறது?"

"ஷீட்ல இருக்குது பாரும்மா."

பார்த்தார். பக்கத்துக் கட்டத்தைக் கவனிக்காமல் எட்டு வைத்தார். நான் அவருக்குச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பிறகு எத்தனை தடவை நினைத்துக்கொண்டேனோ தெரியாது.

எண்ணுக்குக் கால் முளைக்கும் என்பதை அப்போது நான் கற்றுக்கொண்டேன். நான் எழுதிய எட்டு செக் ஷீட்டிலிருந்து கன்ட்ரோல் பெட்டிக்குப் போனது. செக் ஷீட்டின் நகல் வாடிக்கையாளருக்குப் போனது. அங்கே யாரோ ஒருவர் அதைப் பார்த்து அறிவிப்புப் பலகைக்கு வாசகம் எழுதினார். மூணு கொம்பன் கிளம்புவதற்கு முந்தைய வாரம், கடைசிப் பரிசோதனைக்கு அறிவியல் மையத்தின் அதிகாரி வந்தார். இரண்டு ஆலோசகர்களும் கூட வந்தார்கள். அதிகாரி கையோடு கொண்டுவந்திருந்த பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார். வழவழவென்று, படத்தோடு, பெரிய எழுத்தில் இருந்தது.

‘வெப்ப ரத்தப் பிராணியான இது நிமிடத்துக்கு எட்டு முறை சுவாசித்ததாக ஆய்வுகள் கூறுகின்றன.’

ஆய்வுகள்! என் பேனாவுக்கு அப்படி ஒரு பெயர் வைப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

எலும்பு மேடம் இரண்டு முறை படித்தார். "எந்த ஆய்வு?"

அதிகாரி எங்களைப் பார்த்தார். "எட்டு உங்க கம்பெனி டாக்குமென்ட்லதான் இருக்கு. அதை வெச்சுத்தான் வெப்ப ரத்தம்னு எழுதினாங்க."

பேராசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. "வெப்ப ரத்தம்னு யார் முடிவு பண்ணா? நாங்க ரெண்டு பேரும் இன்னும் பேசி முடிக்கவே இல்ல. வர்ற குழந்தைங்க இதைப் படிச்சு அப்படியே எழுதிட்டுப் போகும்."

மஞ்சுநாத் ஃபைலை வரவழைத்தார். பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து, உரக்கப் படித்தார். "ஆதாரம், கன்ட்ரோல்ஸ் பிரிவு." பிறகு ரோஸ்லின் பக்கம் திரும்பினார். "எல்லிந்தா வந்தது இந்த எட்டு?"

"செக் ஷீட்ல இருந்ததுங்க சார்."

"செக் ஷீட் உன்னைக் கேளுன்னு சொல்லுது."

ரோஸ்லின் தாளை வாங்கிப் பார்த்தார். நான் மூணு கொம்பனின் வாலுக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். என் கையெழுத்து அந்தப் பக்கத்தில் இருந்தது. ஆனால் கையெழுத்து எல்லாப் பக்கத்திலும்தான் இருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. பேச வேண்டிய நேரம் அது. நான் பேசவில்லை. பெரிய திட்டமெல்லாம் போட்டு மறைக்கவில்லை, தம்பிகளே. அடுத்த நொடி சொல்லிவிடலாம், அடுத்த நொடி சொல்லிவிடலாம் என்று நின்றேன். நொடிகள் போய்விட்டன.

"நிறுவலுக்கு வேற ஆளைப் போட்டுக்கலாம்" என்றார் மஞ்சுநாத். "மிச்சத்தை ஊட்டா முடிஞ்சு பேசலாம்."

கேன்டீனில் அன்று புளிசாதம். ரோஸ்லின் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். என் மீது சந்தேகப்பட்டு வந்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சாப்பாட்டைத் தொடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? நான் உங்ககிட்ட வந்து கேட்டேன்ல, எவ்ளோ வெக்கறதுன்னு?"

"ம்."

"கேட்டேன்னுதான் ஞாபகம். ஆனா ஷீட்ல எங்க பிரிவு பேர் இருக்குதே. நானே ஏதாச்சும் ஒரு நம்பரைச் சொல்லி, நீங்க எழுதிக்கிட்டீங்களோ? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், எனக்கே குழப்பமா இருக்குது. உங்க ஷீட் தப்பா இருக்காதே சார்."

தட்டைத் தள்ளி வைத்தேன். இவர் வேலையைப் பற்றிப் பயப்பட்டுக்கொண்டு வரவில்லை. என் தாள் பொய் சொல்லாது என்று நம்பி, தன் ஞாபகத்தைப் பொய்யாக்கிக்கொண்டிருந்தார். இருபது முப்பது வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்த நல்ல பேர் அத்தனையும் அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு எதிராக நின்றது. வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"நீ எந்த நம்பரும் சொல்லலைம்மா" என்றேன். "வா என்கூட."

கூட்ட அறையில் மஞ்சுநாத்தும் அதிகாரியும் இரண்டு ஆலோசகர்களும் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். "எட்டு நான் எழுதினதுங்க. அது போன வருஷம் செஞ்ச யானையோட மூச்சு. ஆதாரம்னு எழுதினதும் என் கற்பனைதான். கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு எழுதிட்டேன். ரோஸ்லினுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. காலையிலேயே சொல்லியிருக்கணும், சொல்லல."

மஞ்சுநாத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பேசியது அறிவியல் மைய அதிகாரி. அமைதியாகத்தான் கேட்டார்.

"அப்ப மத்தக் கட்டமெல்லாம்?"

இந்தக் கேள்வியை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற கட்டங்கள் அத்தனையும் நான் முட்டி தேய மண்டியிட்டு, ஏணி ஏறி, டார்ச் அடித்துப் பார்த்து எழுதியவை. ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் அதை நிரூபிக்க என்னிடம் இருந்தது என் வார்த்தை மட்டும்தான். அதன் லட்சணம் அப்போதுதான் தெரிந்திருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து, வேறு ஆட்களை வைத்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. யாரும் என்னிடம் வந்து ‘சரியாக இருந்தது’ என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"ஸ்டாம்ப் கொடுங்க சார்" என்றார் மஞ்சுநாத். சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். கட்டைவிரல் அளவுதான். ஓய்வுபெற எனக்கு ஐந்து மாதம் பாக்கி இருந்தது. அது எனக்குத் திரும்பி வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. ரோஸ்லினை மறுபடி குழுத் தலைவியாகப் போட்டார்கள்.

ஆனால் பிரச்சினை முடியவில்லை. பலகையை அழித்துவிடலாம், மெஷினை என்ன செய்வது? எட்டு தப்பு என்றால் எது சரி? தெரியாது என்று தாளில் எழுதலாம், மோட்டாருக்கு அப்படிச் சொல்ல முடியாது. அது ஏதாவது ஒரு வேகத்தில் ஓடியாக வேண்டும். நிறுத்திவைத்தாலும் அது ஒரு பதில்தான், செத்துப்போனது என்கிற பதில். ஆட்கள் இந்த இடத்தில்தான் திணறுவார்கள். தெரியாது என்று ஒப்புக்கொள்வதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. தெரியாமலேயே ஒன்றைச் செய்து, தெரியாமல்தான் செய்தோம் என்று பார்க்கிறவனுக்கும் புரியும்படி செய்ய வேண்டியிருக்கிறது.

நான் ஒப்புக்கொண்ட அன்று பிற்பகலே எல்லோரும் மூணு கொம்பனைச் சுற்றி நின்றோம். நான் ஓரமாக நின்றேன். பேராசிரியர் மெதுவாக வைக்கச் சொன்னார். ரோஸ்லின் வேகத்தைக் குறைத்தார். விலா எழும்பி, நின்று, ஒரு யோசனைக்குப் பிறகு தாழ்ந்தது. வெயில் காயும் பிராணி மாதிரி இருந்தது. எலும்பு மேடம் கூட்டச் சொன்னார். உடனே அதற்கு எங்கேயோ போக வேண்டிய அவசரம் வந்துவிட்டது போல இருந்தது. ஒரே இரும்பு, ஒரே தோல்.

முனிராஜ் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "ஏங்க மேடம், ஒரே யானை காலையில ஒரு மாதிரி, உச்சியில ஒரு மாதிரி இருக்குது. இது ரெண்டுல ஒண்ணாத்தான் இருந்திருக்கணுமா?"

எலும்பு மேடம் அவரைப் பார்த்தார். "வேண்டியதில்லைங்க. கடல்ல சூரை மீன் இருக்கு, அது ரெண்டுலயும் சரியா அடங்காது. குட்டியில ஒரு மாதிரி, பெருசானா ஒரு மாதிரி இருந்திருக்கலாம். நாமதான் வெப்பம், குளிர்னு ரெண்டு கட்டம் போட்டுட்டு, எதுல டிக் பண்றதுன்னு சண்டை போடுறோம்."

அப்போது ரோஸ்லின் சொன்னார். "சார், ரெண்டு பட்டன் வெச்சுடலாங்களா? பலகைக்குக் கீழ. ஒண்ணை அழுத்தினா மெதுவா, இன்னொண்ணை அழுத்தினா வேகமா. யார் என்ன நெனைக்கிறாங்களோ அழுத்திப் பாத்துக்கட்டும்."

"பதில் என்னன்னு கேப்பாங்களே" என்றார் அதிகாரி.

"இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்கன்னு எழுதிடலாங்க. அதுதானே நெஜம்?"

மஞ்சுநாத் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நாள்தான் இருந்தது. முனிராஜ் பட்டன் பெட்டிக்குத் தாங்கி வெல்டு செய்தார். ரோஸ்லின் இரண்டு வேகங்களையும் ஏற்றினார். புதிய பலகைக்கு, மேடத்தின் யோசனைப்படி, ஆளுக்கு ஒரு பக்கம் மாற்றி எழுதினார்கள். வெப்ப ரத்தம் என்பதற்கான காரணங்களைப் பேராசிரியரும், குளிர் ரத்தம் என்பதற்கான காரணங்களை எலும்பு மேடமும் எழுதினார்கள். பேராசிரியர் தன் பக்கத்தை எழுதி முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு இவங்க வாதம்" என்று முணுமுணுத்தார்.

செக் ஷீட்டைப் புதிதாக எழுதியது நான் இல்லை. வேறொருவர் எழுதினார். மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தில் ‘தெரியாது, இரண்டு வேகம், பின்பக்கம் பார்க்க’ என்று இருந்தது. சில மாதம் கழித்துத் தரத் தணிக்கைக்கு ஆடிட்டர் வந்தபோது நான் தூரத்திலிருந்து பார்த்தேன். அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். அடுத்த தாளுக்குப் போய்விட்டார். எதற்குப் பயந்து நான் அந்த எட்டை எழுதினேனோ, அது அவ்வளவுதான்.

நிறுவல் முடிந்த அன்று ரோஸ்லின் அங்கிருந்து போன் செய்தார். பின்னால் ஒரே கூச்சல். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மாறி மாறிப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார்களாம். "சார், ஒரு பொண்ணு மட்டும் பட்டன் பக்கமே போகலைங்க. மூக்குக்கிட்ட கையை நீட்டி வெச்சுக்கிட்டு நிக்குது. சூடா வருதா, ஜில்லுனு வருதான்னு பாக்குது." காற்றே வராத மூக்கு அது. ஆனாலும் அந்தப் பெண் செய்ததுதான் சரி என்று எனக்குத் தோன்றியது. தாளைப் பார்க்காமல் கையை நீட்டிப் பார்த்தாள். முப்பது வருஷம் அளவுகோல் பிடித்த நான் அந்த ஒரு தடவை அதைச் செய்யவில்லை.

என் முதல் மேலாளர் சொன்னது தப்பில்லை. காலிக் கட்டம் ஆபத்துதான். அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியை நான் பயத்தில் மறந்துவிட்டேன். பாக்காம கையெழுத்துப் போட்டவன் என்றுதானே சொன்னார்? கட்டத்தை நிரப்பிவிட்டால் பார்த்ததாக ஆகிவிடும் என்று அவர் சொல்லவே இல்லை.

நான் ஓய்வுபெற்ற நாளில் பணியாளர் பிரிவில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அடையாள அட்டை ஒப்படைத்தாரா, காலணி ஒப்படைத்தாரா, லாக்கர் சாவி ஒப்படைத்தாரா என்று வரிசையாகக் கட்டங்கள். எல்லாவற்றிலும் டிக் போட்டேன். கடைசிக் கட்டம், பரிசோதனை ஸ்டாம்ப் எண் நான்கு. அதைத் தொடாமல் படிவத்தை நீட்டினேன்.

அங்கே இருந்த பெண் வேலைக்குப் புதிது. எனக்கு நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. "சார், ஒரு கட்டம் காலியா இருக்குதுங்க. சும்மா ஒரு டிக் போட்டுடுங்க, முடிஞ்சிடும்."

வாசலில் மாலையும் கையுமாக ஆட்கள் காத்திருந்தார்கள். டிக் போட்டிருந்தால் போதும். ஸ்டாம்ப் கம்பெனியிடம்தானே இருக்கிறது, பொய்யென்றும் யாரும் சொல்ல முடியாது. நான் அவளிடம் பேனாவைக் கேட்டு வாங்கினேன். ‘ஒப்படைக்கவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்பே வாங்கிக்கொண்டார்கள். எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் எழுதி’ என்று எழுதிக்கொண்டிருந்தபோதே கட்டம் முடிந்துவிட்டது.

"இடம் பத்தலைங்களே சார்" என்றாள் அவள்.

"பரவால்லம்மா" என்று சொல்லித் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதி முடித்தேன்.